பாட்டில் அக்கா ஊரில் இல்லாத வாரம்

எங்கள் வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் அலமாரியின் கீழ்த் தட்டில், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி இன்னும் இருக்கிறது. அது எனக்கும் பொருந்தாது, என் கணவருக்கும் பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கியவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஊரில் மற்ற எல்லோருக்கும் அவர் பாட்டில் அக்கா.

இந்தப் பெயரை வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஒருவர் இன்னொருவரிடம் "பாட்டில் அக்கா கிளம்பிட்டாங்க" என்று சொன்னால் வேறென்ன நினைப்பார்கள்? உண்மை அவ்வளவு சுவாரசியமானது இல்லை. அண்ணி நகர அலுவலகத்தின் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்தார். ஊர் நடுவே ஓடும் ஓடையில் குறித்துவைத்த இடங்களில் இறங்கி, நீராவியில் சுத்தம் செய்த பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு நாள் கதகதப்பில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒவ்வொன்றும் பல்கிப் பெருகி, கண்ணாடித் தட்டில் ஒரு புள்ளியாக எழுந்து நிற்கும். அந்தப் புள்ளிகளை எண்ணுவார்.

"வயித்துக்குள்ள இருக்க வேண்டியதுங்க இதெல்லாம்" என்பார். "மனுஷன் வயிறோ, மாட்டு வயிறோ. ஓடைக்குள்ள இதுங்களுக்கு என்ன வேலை? தானா நடந்து வந்திருக்காது. யாரோ வழி விட்டிருக்காங்க. அந்த ஆளப் புடிக்கணும்."

நான் கல்யாணமாகி வந்த புதிதில், தாகத்துக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"கீழ்த் தட்டுல இருக்கறதத் தொட்டுடாதம்மா."

"என்ன அண்ணி அது?"

"ஓடை."

"ஓடையா?"

"மேல் தட்டுல இருக்கறது தண்ணி. கீழ்த் தட்டுல இருக்கறது ஓடை. மாத்திக் குடிச்சேன்னா வித்தியாசம் நாளைக்கு உனக்கே தெரியும்."

அதற்குப் பிறகு அலுவலகத்தில் தனி ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் நான் வெகுகாலம் அந்தக் கீழ்த் தட்டில் எதையும் வைக்கவில்லை. கை போகவில்லை.

அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "பொண்ணு பாக்க வந்தவங்க ஒருத்தர்கூட கை கழுவிட்டு பலகாரத்தத் தொடலை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அது பாதி விளையாட்டு. மீதிப் பாதியை நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்போது குளியலறை ஒன்றுதான். காலையில் ஓடையிலிருந்து திரும்பும் அண்ணி, பூட்ஸும் கையுறையுமாக சமையலறையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். போகிற வழியில், "யாரும் என்னத் தொடாதீங்க, ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று ரயில் வருவதுபோல் அறிவித்துக்கொண்டே போவார். பின்னாலேயே நான் துடைப்பத்தோடு போவேன். கடைசியில் என் கணவர் ஒரு நாள் வாய் திறந்தார்.

"அக்கா, மாடியில உனக்கு ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டித் தரேன். வெளிப்பக்கமாவே படி வெச்சிடலாம். பூட்ஸோட நேரா மேல ஏறிப் போயிடு."

"எதுக்குடா அவ்வளவு செலவு?"

"என் பொண்டாட்டி நிம்மதிக்குச் செலவு பண்ணா என்ன?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் வாயே திறக்கலை அண்ணி!"

சத்தியமாகத் திறக்கவில்லை. என் துடைப்பம்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும்.

மாடி அறை எழும்பியது. பாத்ரூமுக்கு என் கணவர் பிடித்துவந்த பிளம்பர் கெட்டிக்காரர். மூன்று நாள் வேலை என்று சொல்லிவிட்டு மறுநாள் மத்தியானமே கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "வேலைன்னா இது வேலை" என்று என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணியும் தொட்டியின் உயரம், குழாயின் வாய், சோப்பு வைக்கும் இடம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இது என் ராஜ்ஜியம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த கோடையில்தான் குளத்தை மூட வேண்டி வந்தது.

ஓடை ஊரைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சின்னத் தடுப்பணை. அங்கே தண்ணீர் அகன்று இடுப்பளவுக் குளமாக நிற்கும். பள்ளி விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் அதற்குள்ளேயே குடியிருக்கும். அந்தக் கோடையில் அண்ணியின் கண்ணாடித் தட்டுகளில் புள்ளிகள் எண்ண முடியாத அளவுக்கு மொய்த்தன. மறுபடி எடுத்தார், மறுபடியும் அப்படியே. 'குளிக்கக் கூடாது' என்ற பலகையை அடிக்க வேண்டிய ஆளும் அவர்தான். குளிக்க வந்த பிள்ளைகள் தலையில் கட்டிய துண்டோடு பார்த்துக்கொண்டிருக்க, நின்று ஆணி அடித்தார். அன்றிலிருந்து அவர் தெருவில் நடந்தால், "பாட்டில் அக்கா வராங்க, தண்ணிய மூடுங்க!" என்று ஒரு கூட்டம் கத்தும். அவரும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுகிற வேகத்தில் தெரியும், சிரிப்பு வாசலோடு நின்றுவிட்டது என்று.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேட ஒரு முறை உண்டு. குளத்திலிருந்து ஓடையை எதிர்த்து மேலே நடக்க வேண்டும். வாய்க்காலோ குழாயோ வந்து சேரும் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒரு பாட்டில், மேலே ஒரு பாட்டில். எந்த இடத்தைத் தாண்டியதும் புள்ளிகள் சட்டென்று குறைகின்றனவோ, அந்த இடத்தில்தான் ஆள் இருக்கிறார். அண்ணி அப்படியே நடந்தார். எங்கள் தெருவின் பின்பக்கம், பால்காரரின் மாட்டுக் கொட்டகைக்குக் கீழே புள்ளிகள் மொய்த்தன. கொட்டகைக்கு மேலே தட்டு ஏறக்குறைய துடைத்துவைத்ததுபோல் இருந்தது. போதாததற்கு, பால்காரர் அந்த வருடம்தான் புதிதாக இரண்டு மாடு வாங்கியிருந்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அண்ணி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பால்காரர்தான் எங்கள் வீட்டுக்கும் தினம் பால் ஊற்றுகிறவர். அவரும் அண்ணியும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு தலைமுறைப் பகை என்று தோன்றும். உண்மையில் அது அவர்களுடைய காலை வணக்கம்.

"என்னப்பா, பால் இவ்வளவு தெளிவா இருக்கு? பாத்திரத்தோட அடி தெரியுது."

"உங்க ஓடைய விடத் தெளிவா இருந்தா சரிதாங்க்கா."

அறிக்கை போன மறுநாள் காலை அவர் இந்த வசனத்தைச் சொல்லவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"அக்கா, எங்க மாட்டு மேல கேஸ் போட்டிருக்கீங்களாமே?"

"கேஸ் இல்லப்பா. அறிக்கை."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அறிக்கைக்கு வக்கீல் கிடையாது."

அவர் சிரிக்க முயன்றார். "கொட்டகை கழுவற தண்ணி பின்னாடி புல்லுக்குத்தான் போகுது. ஓடைக்கு எதுக்குக்கா வரப் போகுது?"

"புள்ளி பொய் சொல்லாதுப்பா."

"மழைக்கு முன்ன காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஓடை ஓரமா மாடே இருக்கக் கூடாதாம். வேற இடத்துக்கு நான் எங்க போவேன்? வித்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான். அதுக்கும் ஒரு அறிக்கை குடுத்துடாதீங்க."

பேசிக்கொண்டே ஊற்றினார். பால் அளவைத் தாண்டிப் பாத்திரத்தின் விளிம்பு வரை வந்துவிட்டது.

"அளவு தாண்டிடுச்சுப்பா" என்றார் அண்ணி.

"தாண்டட்டும். இன்னும் எத்தனை நாளைக்கு ஊத்தப் போறேன்?"

அன்று அண்ணி காபியில் பால் விட்டுக்கொள்ளவில்லை. கறுப்பாகவே குடித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

குளத்துக்காக ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். கொட்டகையைப் பற்றிய கடைசி முடிவை மாதக் கடைசியில் எடுப்பதாக இருந்தது. அதற்கு நடுவில் தலைமை அலுவலகம் அண்ணியை ஒரு வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னது. நீர்நிலைகளில் கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்ற பயிற்சி. அவர் இல்லாத வாரம் ஓடைக்கு இறங்க வேண்டியவர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவர். எப்போதும் மடிப்புக் கலையாத உடையில் இருப்பதால் இஸ்திரி என்று பெயர். அவர் ஓடைக்குள் கால் வைக்கவில்லை. நீளக் கழி ஒன்றில் பாட்டிலைக் கட்டி, கரையில் நின்றபடியே மீன் பிடிப்பதுபோல் தண்ணீர் பிடித்தார்.

அண்ணி திரும்பி வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டில் கை வைக்கவே இல்லை.

"என்ன அக்கா, பயிற்சியில திட்டினாங்களா?" என்றார் என் கணவர்.

"சுத்தமாம்டா."

"என்ன சுத்தம்?"

"ஓடை. போன வாரம் பூரா. கொட்டகைக்குக் கீழயும் சுத்தம், குளத்துலயும் சுத்தம். இஸ்திரி எடுத்தா சுத்தம், நான் எடுத்தா அழுக்கு. மேலாளர் கூப்பிட்டு, 'பாட்டிலைச் சரியாக் கழுவறீங்களா மேடம்?'னு கேக்கறார். என்னைப் பாத்து! கழுவறீங்களான்னு!"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அந்தக் கேள்வி கேட்கலாம். அண்ணியை மட்டும் கேட்கக் கூடாது.

"சாட்சி இருக்கேன்னு சொன்னேன்" என்றார். சாட்சி என்று அவர் சொன்னது ஒரு பாட்டிலை. ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்று மற்றவற்றோடு கூடவே ஓடைக்குப் போய்த் திரும்பி வரும். அதிலும் புள்ளி வந்தால் அழுக்கு ஓடையில் இல்லை, எடுத்த ஆளின் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அண்ணியின் சாட்சி ஒரு நாளும் அவருக்கு எதிராகப் பேசியதில்லை.

"அந்த இஸ்திரிதான் கரையில நின்னு ஓரத்துத் தண்ணியப் புடிச்சிருப்பான்" என்று முடித்தார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள். இஸ்திரிக்கு அண்ணியே ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, ஓடை நடுவில் இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு பாட்டில் பிடித்தார்கள். முடிவு வந்தது. அண்ணியின் பாட்டிலும் அழுக்கு. இஸ்திரியின் பாட்டிலும் அதே அழுக்கு.

"பூட்ஸ் உங்களோடதாச்சே மேடம், அதான்" என்றாராம் இஸ்திரி.

ஆக, இருவருமே ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரம் ஓடை உண்மையாகவே சுத்தமாக இருந்திருக்கிறது. ஏன்? மழை பெய்யவில்லை. தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணி காலையில் சீப்பைத் தலையில் வைத்தவர் வைத்தபடியே யோசிக்க ஆரம்பித்தார். நேராகப் பால்காரரிடமே கேட்டுவிடுவது என்று வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா, உண்மையச் சொல்லு. போன வாரம் மாட்டையெல்லாம் வேற எங்கயாவது ஓட்டிட்டுப் போனியா?"

"எங்க ஓட்டறது? எல்லாம் கொட்டகையிலதான் நின்னுச்சு. தினம் பால் ஊத்தினேனே, இவங்களக் கேளுங்க." என்னைக் காட்டினார்.

"ஊத்தினார் அண்ணி" என்றேன்.

"கழுவறத விட்டுட்டியா?"

"தினம் ரெண்டு வேளை கழுவினேன். எதுக்குக் கேக்கறீங்க?"

"போன வாரம் ஓடை சுத்தமா இருந்துச்சு."

பால்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இவ்வளவு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்துக்கு வந்துவிட்டது.

"அப்ப எங்க மாடுங்க அந்த வாரம் பட்டினி கிடந்துச்சா? இல்ல, நல்ல பிள்ளைங்களா அடக்கிக்கிட்டு நின்னுச்சா? அக்கா, எங்க மாடு எங்கயும் போகலை. ஊர விட்டுப் போனது நீங்கதான்!"

சும்மா குத்திக் காட்டுவதற்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் தொடங்கினார். அண்ணி பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்தி மாடியைப் பார்த்தார். மாடிச் சுவரிலிருந்து கீழே இறங்கும் குழாயைப் பார்த்தார். அது தரைக்குள் போகும் இடத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நில்லு" என்றார். என்னிடம் பாத்திரத்தைக் கொடுத்தார். "இவரோட கொட்டகைக்குப் போம்மா. ஓடைப் பக்கம் நின்னு தண்ணியையே பாத்துட்டிரு. பச்சையா எதாவது வந்தா எனக்குப் போன் பண்ணு."

"பச்சையா என்ன அண்ணி வரும்?"

"கேள்வி கேக்காத. செருப்புப் போட்டுட்டுப் போ."

குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு அண்ணியின் வேலைப் பையில் ஒரு சாயப்பொடி உண்டு. ஒரு சிட்டிகையைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டால், அந்தத் தண்ணீர் எங்கே போய் எட்டிப் பார்க்கிறதோ அங்கே பச்சையாகத் தெரியும். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத பொடி, மானத்தைத் தவிர.

நானும் பால்காரரும் கொட்டகைக்குப் பின்னால், மாடு கழுவும் கல்தளத்தின் ஓரமாகப் போய் நின்றோம். தளத்துக்குக் கீழே புதர். புதருக்குக் கீழே ஓடை. புதிதாக வாங்கிய மாடுகளில் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

"என்னம்மா தேடறோம்?" என்றார் பால்காரர்.

"பச்சை."

"புல்லா?"

"தெரியலைங்க. அண்ணி பாக்கச் சொன்னாங்க."

"அப்ப பாப்போம். அந்தம்மா சொல்லிப் பாக்காம இருந்தா அதுக்கும் ஒரு அறிக்கை வரும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு புதருக்கு அடியில், கல்தளத்தின் கீழிருந்து மெல்ல ஒரு கோடு கிளம்பியது. கோடு அகன்றது. கிளிப்பச்சை! பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைகிற மரத்தின் பச்சை. ஓடையில் பாதி அகலத்துக்குப் பரவி, ஒளிர்ந்துகொண்டே குளத்தைப் பார்த்துப் போனது.

பால்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ, இது எங்க மாடு இல்லம்மா! சத்தியமா எங்க மாடு இல்ல!"

"தெரியுங்க" என்றேன். போனை எடுத்தேன். "அண்ணி, வந்துடுச்சு."

"எவ்வளவு பச்சை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கண்ணு கூசுது."

போனில் ஏதோ விம்மல்போல் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கிறார். நான் வீட்டுக்குத் திரும்பியபோது மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கெட்டிக்காரப் பிளம்பர் ஒன்றரை நாளை எப்படி மிச்சம் பிடித்தார் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. தெருவைத் தோண்டிச் சாக்கடைக் குழாயில் சேர்க்க வேண்டியதை, சுவரோரமாகக் கைக்கெட்டிய மழைநீர்க் குழாயில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பழைய மழைநீர்க் குழாயின் வாய் கொட்டகையின் கல்தளத்துக்கு அடியில் புதருக்குள் இருந்தது. மழை இல்லாத நாளில் அது காய்ந்து கிடக்க வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியும். ஆனால் மாடு கழுவுகிற இடமாயிற்றே, ஈரமாகத்தானே இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறார். தினம் காலையில் மாடியிலிருந்து தன் பங்கை அனுப்பிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதையே பாட்டிலில் பிடிக்கப் போயிருக்கிறார்.

"ஊர்ல உள்ளவங்களையெல்லாம் கை கழுவுங்க, கை கழுவுங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனேம்மா" என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். "அந்த ஆளு மாட்டை வித்திருப்பான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வித்துட்டுப் போயிருப்பான்."

சாயங்காலம் என் கணவர் வந்ததும் விஷயத்தைக் கேட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டார். "அக்கா, நான்..."

"நீ பாசத்தோடதான்டா கட்டின. ஆனா நேரா ஊர்க் குளத்துக்கே கட்டிட்ட."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "கமிட்டியில நம்ம வீடுன்னு சொல்லித்தான் ஆகணுமா? 'அந்தத் தெருவுல ஒரு வீடு'ன்னு சொன்னா போதாதா? நீ ரிட்டயர் ஆகறதுக்கு இன்னும் வருஷம் இருக்கு. இஸ்திரி சும்மா விடுவானா?"

"மாட்டுக்காரன்னு அவனை மட்டும் ஊரறியச் சொன்னேன். இப்ப எனக்கு மட்டும் 'ஒரு வீடு'ங்கணுமா?"

கமிட்டிக் கூட்டம் நகர அலுவலகத்தின் மேல்மாடி அறையில். பொதுமக்களும் வரலாம் என்பதால் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பால்காரர் கதவருகே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "நின்னாதான் சீக்கிரம் கிளம்ப முடியும்" என்றார். அண்ணி எழுந்து, கொட்டகையைப் பற்றித் தான் எழுதிய அறிக்கை தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். அழுக்கு மழைநீர்க் குழாய் வழியாக வருகிறது, ஒரு வீட்டின் மாடிக் கழிவறை அதில் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, சாயம் விட்டு உறுதி செய்தாயிற்று என்றார்.

"ஒரே கழிவறையா இவ்வளவும்?" என்றார் மேலாளர்.

"கோடைத் தண்ணி கொஞ்சம் சார். அதுக்கு ஒரு ஆளே போதும்."

"யார் வீடு?"

"எங்க வீடு."

"அந்தக் கழிவறைய யார் யார் உபயோகிக்கறாங்க?"

"நான் மட்டும்தான் சார்."

இஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோடை முழுக்க மேடத்தப் பயிற்சிக்கு அனுப்பிட்டா, குழாய் தோண்டற செலவு மிச்சம் சார்."

முதலில் சிரித்தது அண்ணிதான். அதற்குப் பிறகு மேலாளரால் அடக்க முடியவில்லை. கொட்டகையைக் காலி செய்யும் பேச்சை அந்தக் கூட்டத்திலேயே கைவிட்டார்கள். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த பால்காரர் அப்போதுதான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

குழாயைத் தோண்டி மாற்றும் வரை அண்ணி மறுபடி கீழ்க் குளியலறைக்கே வந்தார். "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" திரும்பியது. என் துடைப்பமும் திரும்பியது.

பால்காரரையும் அவர் சும்மா விடவில்லை. மழை வந்தால் ஓடை ஓரத்துச் சாணக் குவியல் கரைந்து இறங்கும் என்று, அதை மேட்டுக்கு மாற்றவைத்துச் சுற்றிலும் முழங்கால் உயரச் சுவர் எழுப்பவைத்தார். கரையில் நாணல் நடவைத்தார். "தப்பிச்சதுக்கு இது அபராதமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எல்லாவற்றையும் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் சாயம் விட்டுப் பார்த்தார்கள். பொடிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு படியேறியவர் யார் என்கிறீர்கள்? பால்காரர்தான்.

"ஒரே ஒரு தடவை தண்ணி ஊத்துங்கம்மா" என்பார் ஒவ்வொரு வாசலிலும். "பச்சை வந்தா அறிக்கை. அறிக்கைக்கு வக்கீல் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

ஒரு வீட்டிலும் பச்சை வரவில்லை. அதில் அண்ணிக்கு உள்ளூர ஏமாற்றம்தான். "இவ்வளவு பெரிய தெருவுல ஒரே ஒரு குற்றவாளி, அதுவும் நானா!" என்று ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடை தொடங்குமுன் குளத்துப் பலகையை அவரே போய்ப் பிடுங்கினார். ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. பிள்ளைகள் கரையில் நின்று, "இழுங்க பாட்டில் அக்கா, இழுங்க!" என்று கத்தின. பலகை பெயர்ந்த வேகத்தில் அவர் பூட்ஸோடு மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். அந்த வருடம் குளத்தில் முதலில் குளித்தவர் அவர்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் பூட்ஸை அவர் தூக்கிப் போடவில்லை. சும்மாவே ஓடையோரம் போய்வருவார். இந்த வருடம் மழைக்கு முன்னால், பத்து நாள் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்த டாக்டரிடம் அவர் கடைசியாகக் கேட்டது, "கை கழுவினீங்களா?" என்பதுதான். கழுவியிருந்தாராம். அண்ணி திருப்தியாகத் தன் கையை நீட்டினார்.

இப்போது ஓடையில் இறங்குவது இஸ்திரி. கழி இல்லாமல், பூட்ஸ் போட்டுக்கொண்டே இறங்குகிறார். போன வாரம் தெருவில் பார்த்தபோது, ஓடை எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டேன். அண்ணி இருந்தபோது எடுத்ததும், அவர் போன பிறகு எடுத்ததும் ஒரே மாதிரிதான் இருக்கின்றனவாம், எல்லாம் சுத்தம். ஒரு காலத்தில் அண்ணி ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று ஓடைக்குத் தெரியும். இப்போது தெரியாது. அப்படி ஆக வேண்டும் என்றுதான் அவரும் அவ்வளவு பாடுபட்டார்.

இன்று காலை பால்காரர் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பாமல் நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. அடி தெரியுதுன்னு யாராவது சொல்வாங்களான்னு பாத்தேன்."

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பால் கெட்டியாகத்தான் இருந்தது.

"தெரியுதே" என்றேன். "நல்லாவே தெரியுது."

"தெரியாதே, எப்படித் தெரியும்?" என்று அவர் சண்டைக்கு வந்தார். வந்தவர், கேனை மறுபடி சாய்த்து, பாத்திரத்தின் விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போனார்.